மிதித்துக் கூப்பிடும் வீடு

என் மகனுக்குப் பாம்புக் காது என்று சொன்னவர் என் மாமனார். ஒருமுறை சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். கரண்டு போய்த் தறி நின்ற மறு நிமிடம், தூளியில் கிடக்கும் பிள்ளை முழித்துக்கொண்டு அழுவான். "பாத்தீகளா, சத்தம் நின்னா எம் பேரனுக்குத் தூக்கம் கலைஞ்சிரும்" என்பார். நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் அவர் மேல் வருகிற கோபத்தைவிட என் மேல் வருவதுதான் அதிகம்.

அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. வீட்டின் முன்பாதியில் நான்கு தறி, பின்பாதியில் நாங்கள். காலையில் ஓட ஆரம்பித்தால் பொழுது சாய்ந்த பிறகும் ஓடும். தறிக்கூடத்துக்கு மேலே போகிற அதே இரும்பு உத்தரத்தில்தான் தூளி கட்டியிருந்தோம். கல்யாணமாகி பந்தல்குடியிலிருந்து வந்த புதிதில் எனக்குத் தலை வெடித்தது. என் அப்பாவுக்கு அங்கே ரோட்டோரம் பஞ்சர் கடை. அங்கே கேட்பது லாரிச் சத்தம், வரும், போய்விடும். இது போகாது.

ஆறே மாதத்தில் பழகிவிட்டேன். இந்த வீட்டில் கத்துவது வீண்வேலை. உதட்டை அசைத்தால் போதும், படித்துக்கொள்வார்கள். கையை வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பாடு. இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது. முதுகைக் காட்டி நிற்பவரைக் கூப்பிட, அவர் பக்கத்தில் போய் சிமெண்ட் தரையில் ஓங்கி ஒரு மிதி. உள்ளங்காலில் தெரிந்து திரும்புவார். இதையெல்லாம் சீக்கிரம் கற்றுக்கொண்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

என் மகன் என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டான். ஒரு வயதில் கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சோறு கேட்டான். தரையில் மிதித்தால் திரும்பிச் சிரித்துக்கொண்டே தவழ்ந்து வந்தான். என்ன கெட்டிக்காரப் பிள்ளை என்று தெருவே மெச்சியது. தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸம்மா ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். கழுத்து நின்றதா, நின்றது. ஆளைப் பார்த்துச் சிரிக்கிறானா, சிரிக்கிறான். கூப்பிட்டால் திரும்புகிறானா? திரும்புகிறான் என்றேன். நான் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கூப்பிடுவது என்றால் என்ன என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஒன்றரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. கேட்டால் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஆம்பளப் பிள்ளை லேட்டாகத்தான் பேசும் என்றார் என் கணவர். அவரே மூன்று வயதில்தான் வாயைத் திறந்தாராம், அது மாமனார் கொடுத்த சாட்சி. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், பிள்ளை குழம்பிப் போயிருக்கிறான் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இந்தத் தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் அதே இரண்டு பாஷைதான். எல்லாம் இரண்டிலும் நன்றாகவே சண்டை போடுகின்றன. வசம்பை உரசி நாக்கில் தடவச் சொன்னார்கள், தடவினேன். தேன் தடவினேன். நாக்குக்கு இவ்வளவு செய்த நாங்கள் ஒருவரும் காதைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் பாம்புக் காதாயிற்றே.

அவனுக்கு இரண்டு வயது முடிந்த மாதம், என் தம்பி மகளுக்குக் காது குத்து என்று பந்தல்குடிக்குப் போனேன். காலையில் முற்றத்து மண்ணில் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. ரோட்டில் நின்ற ஒரு லாரி, டீ குடிக்கப் போன கிளீனரைக் கூப்பிட ஏர் ஹாரனை விட்டு அடித்தது. கோழிகள் சிதறின. தம்பி மகள் அவள் அம்மா இடுப்பில் இருந்தபடியே வீறிட்டாள். எனக்கே தூக்கிப் போட்டது. அவன் இன்னொரு கல்லை எடுத்தான்.

பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கத்தினேன். திரும்பவில்லை. பழக்க தோஷத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். அது மண் தரை. கால்தான் வலித்தது, அவன் திரும்பவில்லை. நான் அவன் முன்னால் போய் நின்று கையை வாய்க்குக் கொண்டுபோனேன். உடனே எழுந்து சிரித்துக்கொண்டு வந்தான்.

அன்று மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன். வீட்டில் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. கரண்டு போனால் முழிக்கிற பிள்ளைக்குக் காது கேட்காதா, உனக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்கிற மாதிரி பார்த்தார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வாரம் மின் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவதாக அறிவித்திருந்தார்கள். அன்று தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வேப்பமரத்தடிக்குப் போனேன். மாமனாரையும் கையோடு கூட்டிப்போனேன். அங்கேயும் தறிச் சத்தம் கேட்கும், ஆனால் ஆட்டம் வராது. ஒன்பது மணிக்குத் தெருவே ஒரே அடியாக அடங்கியது. அவன் தூங்கிக்கொண்டே இருந்தான். ஐந்து நிமிடம் நின்றோம். அவனை முழிக்க வைத்தது சத்தமில்லை, உத்தரம் ஆடுவது நின்றதுதான் என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

மதுரையில் சோதித்துப் பார்த்து, இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு என்றார்கள். முதலில் காதில் மிஷின் மாட்டலாம், போதவில்லை என்றால் ஆபரேஷன் பற்றிப் பார்க்கலாம். பேச்சு பிடிக்கிற வயது இதுதான், இதை விட்டால் பிடிப்பது கஷ்டம், ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். பாம்புக் காது என்று நினைத்தோம் என்று எப்படிச் சொல்வது?

மிஷினை மாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவன் முதலில் கேட்டது தறியைத்தான். அலறினான். பிய்த்து என் கையில் கொடுத்துவிட்டு என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வாரத்துக்கு இரண்டு நாள் விருதுநகருக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப்போனேன். முதல் நாள் அங்கே டீச்சர் ஒரு பந்தைக் கையில் கொடுத்து, கையை ஆட்டாமல் பிள்ளையிடம் பந்து என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடி சொல்லுங்கள் என்றார். சொன்னேன். மூன்றாம் முறை என்னை நிறுத்தினார்.

"அம்மா, உங்ககிட்ட இருந்து சத்தமே வரல. வாய் மட்டும்தான் அசையுது."

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. இரண்டு வருஷமாக என் பிள்ளையிடம் நான் பேசியதெல்லாம் இப்படித்தானா? இவனுக்குக் காது நன்றாகவே இருந்திருந்தாலும் என்னிடமிருந்து என்ன கேட்டிருப்பான்? அந்தச் சின்ன அறையில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். டீச்சர் நல்ல பெண், தண்ணீர் கொடுத்துவிட்டு, சரி, இப்போது சத்தமாகச் சொல்லுங்கள் என்றார்.

வீட்டில் சண்டை போட்டு மத்தியானம் ஒரு மணி நேரம் தறியை நிறுத்த வைத்திருக்கிறேன். சேலை கொடுக்கிற நாள் தள்ளிப்போகிறது என்று என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார், ஆனால் நிறுத்துகிறார். நிறுத்தி என்ன, பக்கத்து வீட்டுத் தறி ஓடுகிறது. ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, பின்னறையில் வேர்க்க விறுவிறுக்க நானும் அவனும். அவன் என் கையையே பார்ப்பான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். ஏமாந்துபோய், நான் ஏதோ கோபமாக இருப்பதாக நினைத்து என் தோளைத் தடவிக் கொடுப்பான்.

போன வாரம் அவனைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, காதில் மிஷினோடு, பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பத்துத் தடவை, இருபது தடவை. தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு தடவை அவன் தலை லேசாகச் சாய்ந்த மாதிரி இருந்தது, அல்லது எனக்கு அப்படிப் பட்டது. மாமனார் வாசல்நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் தறி ஓட்டிய அவருக்கும் இப்போது பாதிதான் கேட்கிறது.

"பச்சப்புள்ளம்மா. எம்புட்டு நேரந்தான் கூப்பிடுவ" என்றவர், நான் தடுப்பதற்குள் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

அவன் சட்டென்று திரும்பினான். தாத்தாவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான்.

நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். அவனை மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைத்தேன்.