ராணியின் சீலை

சித்திரம் எழுதத் தெரிந்த மனைவியோடு வாழும் ஆண்கள் இதை வாசித்தால் நல்லது.

கண்டியில் சரித்திரம் படிப்பிக்கும் உபாத்தியாயர் நான். கடைசி அரசனும் ராணியும் சிறைப்பட்டுப் போகும் காட்சியை என் மனைவி மேசை விளக்கின் கண்ணாடி மூடியில் பல வாரமாக எழுதினாள். சூளையில் சுட்டால்தான் வர்ணம் கண்ணாடியில் நிலைக்கும். தன் தமக்கையைப் பார்க்க அவள் குண்டசாலைக்குப் புறப்பட்டபோது, "இதைச் சூளைக்காரரிட்டைக் குடுத்துவிடுங்கோ. படத்தில கை படாமல் கொண்டு போங்கோ" என்றாள்.

எடுத்துப் பார்த்தேன். ராணியின் சீலை, அருகில் நிற்கும் தோழியின் சீலையைப் போலவே, சேற்று நிறத்தில் இருந்தது. மதுரையிலிருந்து வந்த ராணிக்கு இப்படியும் ஒரு சீலையா? சரித்திரம் பிழையாகலாமா? ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு, தேசப்படம் கீற நான் பாவிக்கும் சிவப்பு மையைப் பூசிச் சூளைக்காரரிடம் கொடுத்தேன்.

சுட்டு வந்த மூடியை மாட்டி அவள் விளக்கை ஏற்றினாள். ராணியின் அருகில் நிற்கும் தோழியின் சேற்று நிறச் சீலை தாமரைச் சிவப்பாக மாறியிருந்தது. அந்த வர்ணம் நெருப்புப் பட்டால்தான் சிவக்குமாம். என் மையோ எரிந்துபோய், ராணியின் சீலை இருந்த இடம் வெறுங் கண்ணாடியாகப் பளீரென்றது.

தலை குனிந்து, செய்ததைச் சொன்னேன்.

"ராச்சியத்தைப் பறிச்சது வெள்ளைக்காரன் எண்டு படிப்பிக்கிறியள். அவவின்ர சீலையை உரிஞ்சது ஆர்?" என்று கேட்டாள்.

இப்போது அவள் எழுதிய எதையும் கேட்காமல் நான் தொடுவதில்லை. ஆட்கள் வந்தால் அவள் விளக்கில் ராணி இருக்கும் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பிவிடுவாள். அவர்கள் போனதும், என் பிழை என் கண்ணில் படட்டும் என்று நான் அதை என் கதிரைப் பக்கம் திருப்பி வைக்கிறேன்.