ஏற்காட்டுக்குப் போய்ச்சேராத ஆன்டெனா

திருவந்திபுரத்தில் கெடிலக்கரையோரம் வேனை நிறுத்தியதும் மரகதம் அம்மா தந்தி அடிக்கிற மோர்ஸ் கீயைத் தட்டத் தொடங்கினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். ரேடியோவில் இரைச்சல்தான் வந்தது. அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆன்டெனாவைப் பொருத்தியவன் நான்.

செம்மண்டலத்தில் வண்டிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தேன். வேனிலேயே சமைத்து, தூங்கி, ஊர் சுற்றிக்கொண்டே சொந்த ரேடியோவில் பேசுகிற ஹாம் ரேடியோக்காரர்களுக்குக் கூரையில் ஆன்டெனா ஏற்றிக் கொடுப்பேன். அப்படித்தான் சிதம்பரத்திலிருந்து ஞானசேகரன் சாரும் அவர் மனைவி மரகதம் அம்மாவும் வந்தார்கள்.

“எதுக்கும்மா இவ்ளோ பாடு? கையில போன் இருக்குதே” என்று சும்மா சீண்டினேன்.

“எங்க அண்ணனுக்குக் காதும் கேக்காது, கண்ணும் தெரியாதுங்க. ஏற்காட்டுல இருக்காரு. ஸ்பீக்கர் மேல வெரல வெச்சிகினு, நான் தட்டுறத அதிர்வுலயே படிச்சிடுவாரு. தெனம் காலையில பேசணும். அத வுட்டுட்டு நான் எங்க போறது?”

“ரிட்டயர் ஆனதுலருந்து கன்னியாகுமரி போவலாம்னு கூப்புடுறேன் மேஸ்திரி” என்றார் சார். “ஆன்டெனா வூட்டு மேல இருக்குது, நகர மாட்டுறா.”

அதற்கு மேல் எனக்குச் சீண்டத் தோன்றவில்லை. அக்கறையாகத்தான் வேலையை முடித்துக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து, முதல் சோதனை ஓட்டத்துக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இப்போது ஆற்றங்கரையில் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணன் வெரல வெச்சிகினு காத்துகினு இருப்பாரு. வூட்டுக்கே போயிடலாங்க. இந்த ஆசையே வேணாம்.”

நான் கூரைமேல் ஏறினேன். ஆன்டெனாவின் அடித்தட்டு பாடியில் இரும்போடு இரும்பாக உட்கார வேண்டும். வேன் பாடிதான் அதற்கு எர்த்; நடுவில் பெயின்ட் வந்தால் சிக்னல் சரியாகப் போகாது. அதற்காகவே அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டுத்தான் மாட்டியிருந்தேன். போல்ட்டைக் கழற்றித் தட்டைத் தூக்கினால், அடியில் பளபளவென்று புது பெயின்ட்.

“சார், இங்க பெயின்ட் அடிச்சது யாரு?”

“நான்தான். வெறும் இரும்பா கெடந்துது. கடக்காத்துல துரு புடிச்சிடுமேன்னு, கழட்டி ரெண்டு கோட்டிங் குடுத்து மாட்டுனேன்.”

எங்கள் பக்கத்தில் வெறும் இரும்பைப் பார்த்துவிட்டு யாராலும் சும்மா இருக்க முடியாது. திட்டவும் மனம் வரவில்லை.

“நல்லா அடிச்சீங்க சார், மச்சான் வாயையே மூடிட்டீங்க!”

விஷயம் புரிந்ததும் மனிதர் பதறிவிட்டார். என் கையிலிருந்த எமரி தாளை வாங்கி, தான் அடித்த பெயின்டைத் தானே தேய்த்து எடுத்தார். தட்டை இறுக்கி, துரு ஏறாமலிருக்க ஓரத்தில் மட்டும் கிரீஸ் தடவினேன்.

மரகதம் அம்மா மறுபடி தட்டினார். கொஞ்சம் கழித்து, இரைச்சலுக்குள் மெல்ல விட்டு விட்டு ஒரு சத்தம். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்ன சொல்றாரு?” என்றார் சார்.

“எங்க இருக்கேன்னு கேக்குறாரு.” கெடிலக்கரை என்று தட்டிவிட்டுக் காத்திருந்தார். பதில் வந்ததும் அழுதுகொண்டே சிரித்தார். “வூட்டுக்கு அவ்ளோ கிட்டவா, இன்னும் தூரமா போங்குறாரு.”

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்பதற்கு முன், அந்தப் பக்கம் யார் காத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயின்டை எதற்குச் சுரண்டுகிறோம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அன்று என்னைப் பட்டறையில் இறக்கிவிட்டவர்கள், சிதம்பரத்தில் வீட்டு வாசலில்கூட நிற்காமல் தெற்கே போய்விட்டார்கள்.