பெறுநர் மாமா

மாமா ஜெபிப்பதற்கு முன் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறார். சட்டை நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து, காதில் சரியாகப் பொருத்தி, அதன் பிறகுதான் கண்ணை மூடுகிறார். இருபது வருடங்களாகப் பார்க்கிறேன். மூடிய கண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன். "கண்ணாடி போடாம நான் ஒரு மனுகூட எழுதினதில்ல" என்றார். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

அவர் என் அம்மாவின் அண்ணன். நகர அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பது தொழில். மடக்கு மேசை, எழுத்து தேய்ந்த தட்டச்சுப்பொறி, வெயிலுக்கு ஒரு நீலத் தார்ப்பாய். உயர்திரு யாருக்கு, மாண்புமிகு யாருக்கு, மேன்மைதங்கிய யாருக்கு என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். "உன் குறை என்னன்னு எவன் படிக்கறான்? மேல யாரு பேரு போட்டிருக்குன்னுதான் பாப்பான். அது தப்புன்னா மனு நேரா குப்பைக்கூடைக்குத்தான்." முப்பது வருட அனுபவத்தின் சாரம் இது. சபை வாலிபர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர், பெறுநர் மாமா.

இந்த அனுபவத்தை அவர் அப்படியே பரலோகத்துக்கும் கொண்டுபோய்விட்டார். வேதத்தில் கடவுளுக்குப் பல பெயர்கள் உண்டு. யெகோவாயீரே என்றால் தேவையானதைத் தருகிறவர். ராஃபா, குணமாக்குகிறவர். ஷாலோம், சமாதானம் தருகிறவர். நிசி, வெற்றிக்கொடியாக நிற்கிறவர். மற்றவர்களுக்கு இவையெல்லாம் ஒரே ஆளின் பெயர்கள். மாமாவுக்குத் தனித்தனி செக்‌ஷன்கள்.

புதன்கிழமை மாலைகளில் அவர் வீட்டு முன்னறையில் ஜெபக்கூட்டம். தங்கள் விண்ணப்பத்தை எந்தப் பெயருக்குப் போடுவது என்று கேட்கவே பாதிப் பேர் வருவார்கள். ஒருநாள் எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்து நின்றார்.

"அண்ணே, தண்ணி மோட்டார் நின்னுபோச்சு."

"மொத்தமா போயிடுச்சா, ரிப்பேர் பண்ணலாமா?"

"மெக்கானிக் இன்னும் வரலண்ணே."

"அவன் வந்து பாத்துச் சொல்லட்டும். ரிப்பேர்னா ராஃபா. புதுசு வாங்கணும்னா யீரே. அவசரப்பட்டு ஜெபிச்சுட்டு, அப்புறம் அந்த மேசைக்கும் இந்த மேசைக்கும் அலைய வேணாம்."

தையல்காரம்மா பக்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார். நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன். சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். தேர்வு முடிவு வந்த வாரமே என் பெயரோடு பட்டத்தையும் சேர்த்து வீட்டுக் கதவில் பலகை அடித்தவர் மாமா. இன்றுவரை அதைக் கழற்றாதது நான்.

அத்தையின் ஜெபம் வேறு மாதிரி. பாத்திரம் துலக்கிக்கொண்டே, "பாத்துக்கப்பா" என்பாள். அவ்வளவுதான்.

"அட்ரஸ் இல்லாம தபால் போடுறா பாரு" என்பார் மாமா.

"ஏன், என் குரல் அவருக்குத் தெரியாதாக்கும்?"

"அப்பான்னு போட்டா அது எந்த செக்‌ஷனுக்குடி போகும்?"

"உங்க பொண்ணு உங்ககிட்ட செருப்பு கேட்டப்ப உயர்திருன்னு போட்டா கேட்டா?"

மாமா கைகழுவப் போய்விடுவார்.

போன வருடம் அத்தைக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. காலையில் மாமா முறைப்படி ஜெபித்தார். ராஃபா முதலில், சேனைகளின் கர்த்தர் அடுத்து, ராஜாதி ராஜா கடைசியில். ஒரு நிறுத்தக்குறிகூடப் பிசகவில்லை. மதியம் மருத்துவர் வெளியே வந்து, "ரத்தம் நிக்க மாட்டேங்குது, பாத்துட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். நான் மாமாவின் பக்கத்தில் இருந்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எந்தப் பெயரும் அவர் வாயில் வரவில்லை. "விட்டுடாதீங்க... விட்டுடாதீங்க..." என்று மட்டும் ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரே ஒரு தடவை, "பொழச்சு வந்தா சபை முன்னாடி நின்னு சொல்றேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது.

அத்தை பிழைத்தாள். நடந்ததை நான்தான் அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

இப்படிக் கடவுளிடம் நேர்ந்துகொள்வதற்குப் பொருத்தனை என்று பெயர். பொருத்தனை செய்துகொண்டவர் சபையில் எழுந்து நின்று, நடந்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். மாமாவால் முடியவில்லை. அவருடைய சட்டப்படி, பெறுநர் இல்லாத மனு செல்லாது. செல்லாத மனுவுக்கு உத்தரவு வந்திருக்கிறது. இதைச் சபை முன்னால் சொன்னால் முன்னறைக் கூட்டம் என்ன ஆகும்? ராஃபாவைக் கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் பொய்யான வாக்குமூலத்தை அவர் இதுவரை தட்டச்சு செய்ததில்லை. அது ஒன்றில் அவர் கெட்டி. இதற்கிடையில் புதன்கிழமைக் கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது. "அன்னைக்கு எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்கண்ணே? எனக்கும் சொல்லுங்களேன்" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். மாமாவுக்கு உடனே இருமல் வந்துவிடுகிறது.

"எப்ப சொல்லப் போறீங்க?" என்று அத்தை கேட்கிறாள்.

"டிராஃப்ட் இன்னும் சரியா வரலம்மா."

"பதினாலு மாசமாவா? எனக்காக நீங்க தரையில உக்காந்து அழுதீங்களாமே. அத உங்க வாயால ஒரு தடவை கேக்கணும்னு இருக்கு. நான் என்ன நகையா கேக்கறேன்?"

டிராஃப்டை நான் பார்த்திருக்கிறேன். 'பொருள்: நன்றி தெரிவித்தல்' என்று இருக்கிறது. அதற்கு மேலே ஒரு வரி இடம் விட்டிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை, "சாட்சி சொல்றவங்க யாராவது இருக்கீங்களா?" என்று போதகர் வழக்கம்போலக் கேட்டார். அத்தை முழங்கையால் இடித்தாள். மாமா எழுந்தார். முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. தையல்காரம்மா கைகளைக் கூப்பிக்கொண்டார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தாள். மாமா தொண்டையைச் செருமினார். பெஞ்சுகளுக்கு நடுவே நான்கு எட்டு நடந்தார். பிறகு பக்கத்துச் சுவரில் இருந்த மின்விசிறி ரெகுலேட்டரை ஐந்திலிருந்து நான்குக்குத் திருப்பிவிட்டு, வந்து உட்கார்ந்தார்.