ஐந்தாவது ஸ்லைடு

மாமல்லபுரத்துக் கடலோர விடுதி ஒன்றில் நடந்த விக்கி மாநாட்டுக்குக் கூடுவாஞ்சேரியிலிருந்து கிளம்பி, செங்கல்பட்டில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். அதையே பெரிய பயணம் என்று அலுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் மூன்று விமானம் மாறி வந்தவர். அவருடைய மொழியில் கலைக்களஞ்சியம் எழுதுகிறவர்கள் மொத்தமே மூன்று பேராம். ஒருவருக்கு உடம்பு சரியில்லாததால் இப்போது இரண்டு பேர். இதைக் குறையாகச் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் இரண்டு பேர் என்பதுபோல் சொன்னார். கையிலிருந்த வடையைத் தின்ன மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழுத்தில் தொங்கிய அட்டையில் விக்கியில் நாம் வைத்துக்கொண்ட பெயர்தான் பெரிதாக இருக்கும், நிஜப் பெயர் கீழே பொடியாக. அதனால் எல்லோரும் முகத்துக்கு முன்னால் அட்டையைத்தான் பார்த்தோம். வருடக்கணக்கில் ஒருவர் பிழையை ஒருவர் திருத்தியவர்கள் அன்றுதான் நேரில் பார்த்துக்கொண்டார்கள். சம்பளம் இல்லை, பாராட்டு இல்லை, இவ்வளவு பேர் எதற்காக இப்படி உழைக்கிறார்கள் என்று வியந்தேன். நானும் அவர்களில் ஒருத்தி என்பதே மறந்துவிட்டது.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. பழுதைக் கண்டால் ஒதுக்குவேன். வீட்டுக்கு வந்தால் தமிழ் விக்கியிலும் நிர்வாகி என்ற பெயரில் அதே வேலைதான். ஆதாரமில்லாத வரியை நீக்குவேன், கட்டுரையைக் கெடுக்கும் விஷமிகளைத் தடை செய்வேன். மாநாட்டில் என் பேச்சும் அதைப் பற்றித்தான். ஐந்தாவது ஸ்லைடில் ஒரு விஷமியின் பெயரையே போட்டிருந்தேன். ஒரு நீர்க்கோழியின் பெயரும் மூன்று எண்களும். திருப்போரூர்ப் பக்கத்து ஏரி ஒன்றைப் பற்றி, பழைய புத்தகம் ஒன்றை ஆதாரமாக வைத்து நான் எழுதிய கட்டுரையை மூன்று முறை அழித்தவர். அவருக்கு நிரந்தரத் தடை போட்டிருந்தேன்.

இரண்டாம் நாள் காலை இட்லி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் அட்டையில் அதே நீர்க்கோழி, அதே மூன்று எண்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அந்த ஏரிக் கட்டுரையை அழிச்சது நீங்கதானே?"

"ஆமா மேடம். ஏரியே இல்லியே, பிளாட் போட்டுட்டாங்க. கஸ்டமரைக் கூட்டினு போயி சைட்டு காட்டுறதே நான்தான்."

"அப்ப அதை எழுத வேண்டியதுதானே. எதுக்கு அழிக்கணும்?"

"மொதல்ல எழுதத்தான் செஞ்சேன். ஆதாரம் இல்லன்னு எடுத்துட்டாங்க. அந்தக் கடுப்புலதான் பக்கத்தையே காலி பண்ணேன்."

"யாரு எடுத்தாங்க?"

அவர் என் அட்டையைப் பார்த்தார். பிறகு, வாசலில் என் பேச்சுக்கு ஒட்டியிருந்த போஸ்டரைக் காட்டி, "அதுல கீற ஏரி போட்டோ நான் எடுத்ததுதான் மேடம்," என்றார்.

லேப்டாப்பைத் திறந்தேன். என் முதல் ஸ்லைடிலும் அதே படம். எடுத்தவர் பெயரைப் படத்தின் கீழே போடவேண்டும் என்பது எங்கள் வழக்கம்; படிக்காமலே வெட்டி ஒட்டியிருந்தேன். நீர்க்கோழி, மூன்று எண்கள். எல்லா மொழிகளுக்கும் பொதுவான படக்கிடங்கு தனித் தளம், தமிழில் நான் போட்ட தடை அங்கே செல்லாது. சைட் காட்டப் போகும் வழியில் மிச்சமிருக்கும் ஏரிகளையெல்லாம் படம் எடுத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கே ஏற்றியிருந்தார். எனக்கு வாசிக்கத் தெரியாத மொழிக் கட்டுரைகளிலெல்லாம் அவருடைய ஏரிப் படங்கள் இருந்தன. அவர் ஒரு வரி எழுத முடியாமலிருந்தது அவருடைய சொந்த மொழியில் மட்டும்தான்.

"அந்தத் தடைய மட்டும் எடுத்தா போதும் மேடம். படத்துக்குக் கீழ ரெண்டு வரி எழுதணும்," என்றார்.

என் பேச்சுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஐந்தாவது ஸ்லைடை யாருக்கும் தெரியாமல் நீக்கியிருக்கலாம். விரல் அந்தப் பொத்தான் வரை போனது, பொய் சொல்ல மாட்டேன். நீக்கவில்லை.

மேடையில் அதைக் காட்டி, "இவர் விஷமி இல்லை. பழைய புத்தகத்தை நம்பி நான்தான் தப்பு பண்ணினேன். அரை நாள் ஒதுக்கிப் பஸ்ஸில் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை," என்றேன். பெரிய திரையில் எல்லோரும் பார்க்க அவருடைய தடையை நீக்கினேன். மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லி முடிக்க முடிக்க, ஒவ்வொரு வரிசையாகத் தலைகள் அவர் பக்கம் திரும்பின. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் என் போனுக்குத் தகவல் வந்தது. 'இந்த ஏரி இப்போது வீட்டுமனைகளாக விற்கப்படுகிறது' என்று ஏரிக் கட்டுரையில் ஒரே வரி சேர்த்திருந்தார். பக்கத்திலேயே 'ஆதாரம் தேவை' என்ற குறிப்பு. அதையும் அவரே போட்டிருந்தார்.

"எதுக்கு நீங்களே போட்டீங்க?" என்று கேட்டேன்.

"கண்ணால பாத்தது செல்லாதுன்னு ரூல்ஸ் கீதே மேடம்."

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, அந்த நிலத்தின் பதிவேட்டைக் கேட்கத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார்.