கட்டி வைக்காத ஊஞ்சல்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் நான் வெல்டர். இரும்பு எங்கே தேய்ந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்ததுமே சொல்லிவிடுவேன். அதனால்தான் இதை எழுதக் கை கூசுகிறது.

மோகனூர் சாலையில் எங்கள் குடியிருப்பின் நடுவே பிள்ளைகள் விளையாட ஓர் இடம் உண்டு. ஒரு சறுக்கு, இரண்டு ஊஞ்சல். குடியிருந்தவர்கள் நாங்களேதான் அதைப் பார்த்துக்கொண்டோம். பார்த்துக்கொண்டோம் என்றால், பொங்கலுக்குப் பொங்கல் பெயின்ட் அடிப்போம், அவ்வளவுதான். ஊஞ்சலுக்கு அடியில் குழி விழுந்து மழைத் தண்ணீர் நிற்கிறது, பிள்ளைகள் சேற்றோடு வீட்டுக்கு வருகிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. சிமென்ட் தளம் போட்டுவிடலாம் என்றார்கள். நானும் கை தூக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அங்கே அழைத்துப் போயிருந்தேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. அவள் ஆடிய ஊஞ்சல் கிறீச்சிட்டது. அண்ணாந்து பார்த்தேன். சங்கிலியை மேல் குழாயில் மாட்டியிருந்த கொக்கி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. மகளை இறக்கி, பக்கத்து ஊஞ்சலில் உட்கார வைத்தேன். அடுத்த ஞாயிறு பட்டறையிலிருந்து புதுக் கொக்கி கொண்டுவந்து மாட்டலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் இரண்டு லாரிகளை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. ஞாயிறும் பட்டறைக்குப் போய்விட்டேன்.

எதிர்வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. என் மகளை விட்டு நகராது. அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் அந்தக் குழந்தை அதே ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறது. "இன்னும் மேலக்கா" என்று கேட்கக் கேட்க என் மகள் தள்ளிவிட்டிருக்கிறாள். கொக்கி அறுந்துவிட்டது. பின்மண்டை சிமென்டில் மோதியது. சேலத்துக்குக் கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் உயிரில்லாமல்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

என் மகள் அதன் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை. ஒரு காலையில் அவள் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலிருந்து அவள் குரல் கேட்டது.

"நான் வேகமாத் தள்ளீட்டனுங்கப்பா. அதனாலதான் பாப்பா செத்துப்போச்சு."

"இல்ல கண்ணு. கொக்கி தேஞ்சிருந்துச்சு. நான் முன்னாடியே பார்த்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். "அதுக்குத்தான் அன்னிக்கு என்னைய எறங்கச் சொன்னீங்களா?"

"ஆமா சாமி."

"அப்ப பாப்பாகிட்ட மட்டும் ஏனுங்கப்பா சொல்லல?"

லேஸை இறுக்கி முடிச்சுப் போட்டேன். "எதிர்வீட்டு அத்தைகிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனேன். குழந்தையின் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். கொக்கியைப் பார்த்ததையும், என் பிள்ளையை மட்டும் இறக்கி மாற்றி உட்கார வைத்ததையும் மறைக்காமல் சொன்னேன். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு கயிறு எடுத்து ஊஞ்சல மேல சுத்திக் கட்டி உட்டிருந்தாக்கூடப் போதுமேங்ணா" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கயிறு என் வண்டியிலேயே இருந்தது. கட்டுவதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

நான் கிளம்பும்போது, "உங்க புள்ள தூங்குதுங்களா?" என்று கேட்டார்.

"சரியாத் தூங்கறதில்லீங்க."

"நாளைக்கு ஊட்டுக்கு அனுப்புங்க. அது மேல தப்பில்லன்னு நான் சொல்றேன்."

மறுநாள் மகள் போனாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கண் வீங்கித் திரும்பி வந்தவள், அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

சிமென்ட் தளத்தை நானே சம்மட்டியால் உடைத்து மணல் நிரப்பினேன். கொக்கி, சங்கிலி எல்லாவற்றையும் மாற்றினேன். ஞாயிறு தவறாமல் ஏணி போட்டு ஏறிப் பார்க்கிறேன். சந்தேகம் வந்தால் அந்த நிமிடமே ஊஞ்சலைச் சுருட்டிக் கட்டிவிடுகிறேன். எதிர்வீட்டார் ஒரு வருடத்தில் எருமப்பட்டிப் பக்கம் குடிபோனார்கள். போகும்வரை குழந்தையின் அப்பா என்னிடம் பேசவில்லை. அவர் பேசியிருந்தால் நான் எப்படி நின்றிருப்பேன் என்று தெரியவில்லை.

மகள் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறாள். ஆனால் சைக்கிளைத் துடைத்து நிறுத்தி, "பிரேக் நல்லா இருக்குது கண்ணு, போலாம்" என்று நான் சொன்னால், தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள்.