கொச்சிக்குக் கப்பல் வருமென்று சொன்னவன்

காலையில் காந்திபுரம் சலூனில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். டிவியில் ஏவுகணைகள் எழும்பிக்கொண்டிருந்தன. என் மகள் ஷார்ஜாவில் இருக்கிறாள். விடியலில் நான் அனுப்பிய குட்மார்னிங்குக்கு இன்னும் பதில் இல்லை.

"இந்தப் போரு எத்தன நாளைக்குங்க ஓடும்?" என்று கேட்டபடி முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்.

"தெரியலீங்க."

நம்புவீர்களோ என்னவோ, ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு நாள், கிழமையோடு விடை சொல்கிற ஆளாக இருந்தேன்.

அந்த எண்ணெய் வாசம் என்னைக் கணபதிப் பகுதிக்குக் கூட்டிப்போய்விட்டது. அங்கே ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்தேன். எல்லா நாட்டுத் தலைநகரமும் நாணயமும், போர்விமானத்தின் வேகமும் எனக்கு மனப்பாடம். எதற்கென்று கேட்காதீர்கள். குவைத்துக்குள் ஈராக் படை புகுந்ததும் எனக்கு நல்லகாலம் பிறந்தது. பேப்பரில் வந்த வரைபடத்தை எதிர் டீக்கடைச் சுவரில் ஒட்டிவைத்து, டீ ஆற்றுகிற இடைவெளியில் படைகளை நகர்த்துவேன். கூட்டம் வாய் பிளந்து கேட்கும்.

கூட்டத்துக்கு வெளியே சோற்றுத் தூக்குப்போசியோடு நின்று கேட்டவர் சரோஜினியக்கா. எங்கள் பேக்கிங் பிரிவில் வேலை. வீட்டுக்காரர் பழனிசாமி குவைத்தில் வெல்டர். போர் தொடங்கியதிலிருந்து கடிதமில்லை.

"தம்பி, நீங்க வெவரம் தெரிஞ்சவிங்க. அவரு எப்புடீங்க வருவாரு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பத்துப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரைபடத்தில் கடல் நீலமாக, வழிமறிப்பார் இல்லாமல் கிடந்தது.

"கப்பல்லதானுங்க்கா. நேரா கொச்சிக்கு. இந்த வாரக் கடைசீல வந்துரும்."

மறுநாள் அக்கா வேலைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை போல என்று நினைத்தேன். நான்காம் நாள் கம்பெனி கேட்டில் என்னைத் தேடி ஒருவர் வந்தார். தாடி, கசங்கிய சட்டை, கையில் ஒற்றைப் பிளாஸ்டிக் பை.

"பழனிசாமிங்க" என்றார்.

பாலைவனத்தில் லாரி, ஜோர்டானில் அம்மான் நகரத்தில் கூடாரம், விமானத்தில் பம்பாய், அப்புறம் ரயில். அத்தனையும் தாண்டி வந்தால் வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங்க, எம்பட ஊட்டுக்காரிய எங்கீங்க அனுப்பிப்போட்டீங்க?"

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் சொன்ன கப்பல் கதையை ஒப்புக்கொண்டேன். அவரே கொச்சிக்குக் கிளம்பப் பார்த்தார். காலெல்லாம் புண். "நீங்களும் போனா வழியில மாறிப்போகுமுங்க, ஊட்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு நான் ரயில் ஏறினேன்.

பாலக்காடு வந்துபோனதுகூடத் தெரியவில்லை. ஊரும் பாஷையும் தெரியாத பெண், தனியாக, நான்கு நாள். ஏதாவது ஆகியிருந்தால் அந்த மனுஷனிடம் என்ன சொல்வேன்? எர்ணாகுளத்தில் இறங்கியதும், உலகத் தலைநகரமெல்லாம் தெரிந்த எனக்குத் துறைமுகத்துக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. ஆள் ஆளாகக் கேட்டுப் போனேன்.

துறைமுக வாசலுக்கு எதிரே மரத்தடியில் அக்கா உட்கார்ந்திருந்தார். அங்கே டீ விற்ற அம்மா ஒருவர் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறும் போட்டாராம். என்னைக் கண்டதும் எழுந்தார், முகம் வெளுத்துவிட்டது. கெட்ட சேதி கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"வந்துட்டாருங்க்கா! ஊட்ல இருக்காரு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

அவர் அசையவில்லை. "நீங்களா சொல்றீங்களா, கண்ணுல பாத்தீங்களா?"

"பாத்தனுங்க்கா."

"சாப்புட்டாருங்களா?"

கேட்டபிறகுதான் அழுதார்.

திரும்பி வரும்போது ரயிலில் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. வாளையாறு தாண்டியதும், "இன்னும் எத்தன ஸ்டேஷனுங்க?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

பழனிசாமி அப்புறம் கடல் தாண்டவேயில்லை. இருவரும் உடுமலைப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். டீக்கடை இருந்த இடத்தில் எலக்ட்ரானிக்ஸ் ஷோரூம். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகப் பெரிய பெரிய டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே போர், சத்தமில்லாமல். நின்று பார்க்கவோ, அடுத்து என்ன நடக்குமென்று கேட்கவோ அங்கே ஒருத்தரும் இல்லை.