பால்பசை இறக்கை

1. முறிந்த நாள்

இடது இறக்கை முறிந்தபோது நான் சைக்கிளில் இருந்தேன். சைக்கிள் ஓடவில்லை, ஸ்டாண்டில் நின்றது. பின்சில்லின் ரயரைக் கழற்றிவிட்டு, வெறும் ரிம்மில் நைலோன் கயிறு சுற்றும்படி செய்திருந்தோம். நான் மிதிக்க மிதிக்கக் கயிறு சுருளும். முந்நூறு அடி தள்ளி நிற்கும், எஞ்சினும் ஆளும் இல்லாத எங்கள் மாதிரி விமானம், கிளைடர், பட்டம்போல மேலே ஏறும். அதை நாங்கள் வின்ச் என்று சொல்லுவோம்.

1995ஆம் ஆண்டின் தொடக்கம். போர்நிறுத்தத்தால் குண்டு விமானங்கள் வராத சில மாதங்கள் அவை. கிளிநொச்சியில் அறுவடை முடிந்த ஒரு வயல். வரம்பில் நான் படிப்பித்த தொழில்பயிற்சிப் பள்ளியின் அதிபரும் அவர் அழைத்து வந்த இரண்டு விருந்தினரும் நின்றார்கள். வயலின் மறுகரையில் என் உதவியாளர் கருப்பையா இறக்கையைப் பிடித்திருந்து கைவிட்டார். கிளைடர் நன்றாக ஏறியது. விருந்தினர் பார்க்கிறார்கள், இன்னும் உயரட்டும் என்று நான் வேகமாக மிதித்தேன். அறுபது அடி உயரத்தில் இறக்கை நுனி படபடவென்று அடித்தது. பிறகு காய்ந்த தடி முறிவதுபோல ஒரு சத்தம்.

அதிபர் வரம்பிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன மாஸ்டர், என்ன நடந்தது?"

துண்டுகள் ஐம்பது அடி தள்ளிக் கிடந்தன. நான் போய்ப் பார்க்கவில்லை. "ஒட்டு விட்டிட்டுது சேர்" என்றேன்.

"மாட்டுப்பாலிலை பிளேன் ஒட்டினால் வேறை என்ன நடக்கும்?" என்று அவர் சொல்ல, விருந்தினர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒட்டியவர் கருப்பையா.

2. எந்த கிளைடர்

இளமையில் நான் இங்கிலாந்தில் ஒரு சிறிய பட்டறையில் ஆறு வருடம் வேலை செய்தேன். பழைய மரக் கிளைடர்களைப் பழுதுபார்ப்பதே அங்கு தொழில். அவற்றில் ஒன்று இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. இறக்கை பதினேழு மீட்டர் நீளம், ஒல்லியானது, உடம்பு மீன்போல. அமைதியான காற்றில் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் இருபத்தைந்து மீட்டர் முன்னே போகும். அந்தக் காலத்து மரத்துக்கு அது பெரிய காரியம். மெதுவாகப் போகும்போது சொன்னதைக் கேட்கும். வேகம் கூடினால் இறக்கை முறுக ஆரம்பிக்கும். அதனால் அதைச் செய்தவர்கள் மூன்று தடவை இறக்கையை மாற்றினார்கள். கடைசி மாற்றத்தில், இறக்கையின் முன்விளிம்பைப் போர்த்தும் பிளைவுட்டின் நார் சரிவாக, நாற்பத்தைந்து பாகையில் ஓடும்படி போட்டார்கள். முறுக்கு நின்றது.

இதை நான் அறியாமல் இருக்கவில்லை. அந்தக் கடைசி மாற்றத்தின் வரைபடப் பிரதி என் பெட்டியில் இருந்தது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

3. கருப்பையா

பள்ளி மரவேலைக் கூடத்தில் கருப்பையா நாட்கூலி உதவியாளர். மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி அடித்தவர். தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். என்னைவிட ஏழெட்டு வயதுதான் குறைவு. இருந்தும் நான் அவரை "நீ" என்றேன், அவர் என்னை "ஐயா" என்றார். அது இருவருக்கும் இயல்பாக இருந்தது. எனக்கு இயல்பாக இருந்தது என்று சொல்வதே சரி.

காற்றில் மரம் எப்படி நடந்துகொள்ளும் என்று மாணவருக்குக் காட்ட, அந்த கிளைடரை நாலில் ஒரு பங்கு அளவில் செய்யலாம் என்று அதிபரிடம் கேட்டேன். ஒப்புக்கொண்டார். இன்னொன்றும் சொன்னார்: "வடிவாய் வந்தால் கருப்பையாவை நிரந்தரப் போதனாசிரியராய்ப் போடலாம். உம்முடைய அறிக்கையிலைதான் இருக்கு."

கருப்பையாவுக்குச் சொன்னேன். அவர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார். பிறகு, "போதனாசிரியர்னா, புள்ளைங்க என்னைய சேர்னு கூப்பிடுவாங்களாங்க?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார்.

பொருளாதாரத் தடையால் பிளைவுட் வரத்து இல்லை. பிசின் தூளும் இல்லை. இரண்டுக்கும் அவரே வழி கண்டார். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்தால் படை படையாகக் கழன்றுவிடும். அந்த மெல்லிய தகடுகளில் இரண்டை மறுபடி ஒட்டி எங்களுக்கு வேண்டிய பிளைவுட்டைச் செய்தார். பசைக்குப் பழைய கிளைடர்க்காரர் பயன்படுத்திய முறையை நான் சொன்னேன்: பாலைத் திரியவைத்து, கழுவி, காயவைத்து, இடித்துச் சுண்ணாம்போடு குழைப்பது. முதல் மூன்று கலவையும் சரிவரவில்லை. நான்காவதில் இரண்டு துண்டை ஒட்டி, கிணற்று வாளியில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் முழங்காலில் வைத்து முறித்தார். மரம் முறிந்தது, ஒட்டு நின்றது.

"பாத்தீங்களா ஐயா, பசுமாடு ஏமாத்தாது" என்றார்.

4. முதல் பறப்பு

முதலில் வின்ச் இல்லை. ஒருவர் இறக்கையைப் பிடிக்க, மற்றவர் கயிற்றோடு ஓடினோம். மூக்குப் பாரம் போதாமல் கிளைடர் தலை நிமிர்ந்து, நின்று, குத்தென்று விழுந்தது. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக மூக்கில் போட்டோம். ஒன்பதாவது குண்டில் சரியாக வந்தது. கயிறு கழன்றதும் இடப்பக்கம் அகன்ற வட்டம் போட்டு, சத்தமே இல்லாமல், இறங்க மனமில்லாததுபோல வயலின் நீளம் முழுக்கப் போனது.

பக்கத்து வளவில் ஒரு பெண் அலறினாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, குண்டுவீச்சுக்கு வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கிவிட்டாள். எங்கள் ஊர்களில் விமானத்தைக் கண்ணால் அல்ல, காதால்தான் அறிவோம். சத்தமில்லாமல் ஒரு வெள்ளை இறக்கை வந்தால் யார்தான் ஓடமாட்டார்கள்? நான் போய் விளங்கப்படுத்தினேன்.

பங்கர் வாசலில் தலையை மட்டும் நீட்டி, "சத்தம் போட்டுக்கொண்டு வாறவன் பரவாயில்லை. உங்கடை சாமான் சொல்லாமல் வருகுது. ஒரு மணியெண்டாலும் கட்டி விடுங்கோவன்!" என்று ஏசினாள்.

கருப்பையா அடுத்த நாள் உண்மையாகவே ஒரு மாட்டுமணி கொண்டுவந்தார். பாரம் கூடும் என்று நான் மறுத்துவிட்டேன்.

5. நாரின் திசை

அந்தப் பறப்பு சிறிய இறக்கையோடு. விருந்தினருக்குக் காட்ட முழு நீள இறக்கை செய்யவேண்டும். நாள் குறித்தாகிவிட்டது. பிளைவுட்டைச் சரிவாக வெட்டினால் பாதி வீணாகும், இன்னும் பத்துப் பெட்டி வேண்டும். அப்போது எந்த வீட்டிலும் பெட்டி தர மாட்டார்கள். எந்த நேரமும் சாமான் கட்டி ஓடவேண்டி வரலாம்.

நாரை நேராகவே போடு என்றேன்.

கருப்பையா ஒரு இறக்கையைப் போர்த்து முடித்ததும் நுனியைப் பிடித்து முறுக்கிப் பார்த்தார்.

"ஐயா, இது ஈரத்துணி புழியிற மாதிரி திரும்புதுங்க. சாய்ச்சுப் போட்டா நிக்கும். பெட்டி மூலைக்கு நாங்க குறுக்குத் தகடு அடிக்கிறது அதுக்குத்தாங்க."

"வரைபடம் கீறினது நானோ நீயோ?"

"நீங்கதாங்க."

"அப்ப செய்."

செய்தார். அதற்குப் பின் அந்த இறக்கையை அவர் முறுக்கிப் பார்க்கவில்லை.

6. அறிக்கை

முறிந்த மறுநாள் அறிக்கையில் எழுதினேன்: "ஒட்டு வேலையில் குறைபாடு." அதிபர் வாசித்துவிட்டு, "தோட்டத்து ஆக்களை நம்பிப் பெரிய வேலை குடுத்தது எங்கடை பிழை" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் கருப்பையா வேலைக்கு வரவில்லை. வரவேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தது.

இரண்டு கிழமை கழித்துத்தான் துண்டுகளை மேசையில் வைத்துப் பார்த்தேன். ஒட்டுக் கோடு ஒன்றுகூடப் பிரியவில்லை. கிழிந்தது மரம். முறுக்குத் தாங்காமல், நார் ஓடிய திசையிலேயே, நேர்கோடாகக் கிழிந்திருந்தது. நான் போடச் சொன்ன திசை அது.

அன்றே அதிபரிடம் போயிருக்கலாம். அவர் அறை என் அறையிலிருந்து இருபது அடி. போகவில்லை. கௌரவம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் கிளிநொச்சியை விட்டு எல்லோரும் ஓடினோம். அதற்குப் பிறகு பள்ளியும் இல்லை, அறிக்கையைத் திருத்திக் கொடுக்க ஆளும் இல்லை.

இடம்பெயர்ந்து தங்கிய கொட்டிலில் தனியே இருந்து இடது இறக்கையைப் புதிதாகச் செய்தேன். தகட்டைச் சரிவாகப் போட்டேன். அதற்கு எட்டு மாதம் பிடித்தது. முறுக்கினால் அசையவில்லை. ஆனால் கிளைடரை ஒருவரால் ஏற்ற முடியாது. ஒருவர் இழுக்க, ஒருவர் பிடித்து விடவேண்டும். கேட்க யாரும் இல்லாமல் இல்லை, எனக்குத்தான் இன்னொருவரைக் கூப்பிட வாய் வரவில்லை.

7. முள்ளிவாய்க்கால்

2001இல், கருப்பையா முள்ளிவாய்க்காலில் வள்ளம் திருத்துகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் விசாரித்தேன்.

"மலையகத்துக் கருப்பையாவோ? எங்கடை ஓடாவியாரைச் சொல்லுறியள்" என்றார் அவர். அந்தக் கரையில் வள்ளம் கட்டும் தச்சரை மரியாதையாக அழைக்கும் பெயர் அது. பக்கத்தில் கிடந்த வள்ளத்தைத் தட்டினார். "போன மாரியிலை பிளந்தது. எங்கை பிளந்தது எண்டு கண்டுபிடியுங்கோ பாப்பம்!"

கண்ணாலும் விரலாலும் தேடினேன். கிடைக்கவில்லை.

கருப்பையா மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு மரநிழலில் உளி தீட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. எழுந்து நின்றார்.

"ஐயா! ஒக்காருங்க."

நான் உட்காரவில்லை. "ஓடாவியார், அண்டைக்கு ஒட்டு விடேல்லை. மரந்தான் கிழிஞ்சது. நான் சொன்னது பொய். நீங்கள் சொன்னதுதான் சரி."

"தெரியுங்க. அன்னைக்கே துண்ட எடுத்துப் பாத்தேன்."

"ஏன் சொல்லேல்லை?"

உளியின் முனையைப் பெருவிரலில் தடவிப் பார்த்தார்.

"கையில துண்ட வச்சுக்கிட்டுத்தாங்க நின்னேன். நீங்க ஒரு தடவ திரும்பிப் பாத்தா காட்டலாம்னு. நீங்க சைக்கிள்ல கயித்த அவுத்துக்கிட்டே இருந்தீங்க."

பிறகு அவரே கேட்டார்.

"புது இறக்கை செஞ்சீங்களா?"

"ஓம். சரிவாய்ப் போட்டன்."

"முறுக்குதுங்களா?"

"அசையேல்லை."

"பறந்துச்சா?"

"விடேல்லை. பிடிக்க ஆளில்லை."

அவர் தலையசைத்தார். பிடித்து விட வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். "சோளகக் காத்து கெளம்புறதுக்குள்ள இந்த வள்ளத்த எறக்கணுங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைத் தொடங்கினார். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். கடைசியாகப் பார்த்தபோது, அவர் வள்ளத்தின் பக்கப் பலகை ஒன்றை அடிப்பதற்கு முன் இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்ப்பது தெரிந்தது.

என் பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல இருக்கிறது. ஏதாவது முறிந்தால், வாய் திறப்பதற்கு முன் நடந்துபோய் முறிந்த இடத்தைப் பாருங்கள். எனக்கு அது ஐம்பது அடி தூரம். பார்க்க இரண்டு கிழமை எடுத்தேன், பார்த்ததைச் சொல்ல ஆறு வருடம். இறக்கை இன்னும் என் சுவரில் தொங்குகிறது. முறுக்கினால் அசையாது.